பழுப்பு, பழசோட நிறம் இல்லை

"இது ஏற்கனவே மஞ்சளாத்தானே இருக்கு. இதுக்கு மேல எதுக்குடா தம்பி மஞ்சளாக்கப் போற?"

பெரியம்மா கேட்டது நியாயமான கேள்வி. அதுக்கு பதில் சொல்லப் போய்த்தான் இந்தப் பதிவு அனுமார் வாலா நீண்டுடுச்சு. கொஞ்சம் பொறுமையா படிங்க மக்களே.

விஷயம் இதுதான். தாத்தா அம்மாச்சியோட கல்யாண ஃபோட்டோ, 1957ல் கீழே ஒரு ஊரில் எடுத்தது. (கொடைக்கானல்காரங்களுக்கு மலைக்கு அடியில் இருக்கிற எல்லா ஊரும் 'கீழே'தான்.) தாத்தா இரவல் கோட்டில் விறைப்பா நிக்கிறார். அம்மாச்சி நாற்காலி நுனியில், எப்ப எழுந்து ஓடலாம்ங்கிற மாதிரி உட்கார்ந்திருக்காங்க. பின்னாடி திரையில் வரைஞ்ச தூண். நெகட்டிவ் கிடையாது. எடுத்த ஸ்டூடியோவும் இப்போ கிடையாது. இருக்கிறது இந்த ஒரே பிரிண்ட். அதுவும் வட்டக்கானல் வீட்டுச் சுவத்துல இத்தனை வருஷமா மேகத்தைக் குடிச்சுக்கிட்டுத் தொங்கினது. அம்மாச்சி முகம் பாதி போயிடுச்சு. தலையில் வச்ச பூ வெறும் மஞ்சள் கறை. கறுப்பா இருந்த கோட்டைச் சாய்ச்சுப் பிடிச்சுப் பார்த்தா பாதரசம் பூசின மாதிரி ஒரு பளபளப்பு.

நான் செய்யப் போறதா சொன்னது: இந்தப் படத்தை ஃபிலிம்ல மறுபடி படமெடுத்து, குளியலறையில் என்லார்ஜர் வச்சு புதுசா ஒரு கறுப்பு வெள்ளை பிரிண்ட் போட்டு, அதை செபியா டோனிங் பண்றது. பெரியம்மாவுக்கு அந்தக் கடைசி வார்த்தை மட்டும் தெரியும். ஏன்னா அவங்க பேத்தி ஃபோன்ல அந்தப் பேர்ல ஒரு பொத்தான் இருக்கு. அழுத்தினா நேத்து எடுத்த படம் அம்பது வருஷப் பழசாயிடும் :-)

அந்தப் பொத்தான் பண்ணின வேலைதான் இந்தக் குழப்பம். செபியான்னா பழசு, பழசுன்னா செபியான்னு ஒரு தலைமுறையே நம்பிக்கிட்டிருக்கு. நிஜத்தில் கதை தலைகீழ். படம் பழசாகாம இருக்கறதுக்குத்தான் அந்தப் பழுப்பு.

முதல்ல பேர். செபியான்னா கிரேக்க மொழியில் கணவாய். மலைக் கணவாய் இல்லைங்க, மீன் மார்க்கெட்டுல விக்குமே, அந்தக் கணவாய். அது பீய்ச்சுற மையை எடுத்து ஓவியம் வரைஞ்சாங்க, அந்தப் பழுப்புக்கு அந்தப் பேர் வந்தது. ஃபோட்டோவுக்கு அந்த மையோட ஒரு சம்பந்தமும் இல்லை. நிறம் ஒத்துப்போச்சு, பேர் ஒட்டிக்கிச்சு. பேர் ஒற்றுமைன்னதும் ஞாபகம் வருது. கொடைக்கானலுக்கு வர்ற யாராவது ஒருத்தர் 'கோடாக்'குக்கும் 'கோடை'க்கும் என்ன சம்பந்தம்னு கேட்காம போறதில்லை. ஒண்ணும் இல்லை சாமி. ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1888ல் அர்த்தமே இல்லாத ஒரு சொல்லா உருவாக்கின பேர் அது.

சரி, கறுப்பு வெள்ளைப் படத்தில் அந்தக் கறுப்பு என்ன? வெள்ளி. நிஜமான வெள்ளி, ஜெலட்டினுக்குள்ள பொடிப்பொடியா. பெரியம்மாவுக்கு நான் சொன்ன உதாரணம் கொலுசு. வெள்ளிக் கொலுசு ஏன் கறுக்குது? காற்றில் இருக்கிற கந்தகம் வெள்ளியைப் பிடிச்சு சில்வர் சல்ஃபைடா மாத்துது. திருநீறு போட்டுத் தேய்க்கிறோம், வெளுக்குது, மறுபடி கறுக்குது. ஃபோட்டோவில் தேய்க்க முடியாது. அங்கே வெள்ளித் துகள் அவ்வளவு பொடிசு. கந்தகம் கொஞ்சம், ஈரம் கொஞ்சம், பெயிண்டிலிருந்தும் மலிவான அட்டையிலிருந்தும் வர்ற வாயுக்கள் கொஞ்சம்னு சேர்ந்து அங்கங்கே அரிக்க ஆரம்பிச்சா படம் மஞ்சளாகி மறையுது. சில இடத்தில் வெள்ளி கரைஞ்சு, மேல்பரப்புக்கு வந்து மறுபடி உலோகமா படியுது. அம்மாச்சி படத்துல கோட்டு மேல இருக்கிற பாதரசப் பளபளப்பு அதுதான். பாதரசம் இல்லை, தாத்தாவோட கோட்டே வெளியே வந்து நிக்குது.

டோனிங் பண்றது என்னன்னா, கந்தகம் திருட்டுத்தனமா அரைகுறையா செய்யற வேலையை நாமே முன்கூட்டி முழுசா செஞ்சு முடிச்சிடறது. படத்தில் இருக்கிற மொத்த வெள்ளியையும் சீரா சில்வர் சல்ஃபைடா மாத்திட்டா, அதுக்கப்புறம் கந்தகத்துக்கு அங்கே வேலையில்லை. முழுசா கறுத்த கொலுசு மேல இன்னும் கறுக்க என்ன இருக்கு?

பெரியம்மா கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "பெரியம்மை வராம இருக்க ஊசி போடற மாதிரியா?" ன்னாங்க. நான் இதுவரை படிச்ச எந்தப் புத்தகத்திலும் இதைவிட நல்ல விளக்கம் இல்லை.

இந்தப் பயம் ஃபோட்டோகிராஃபி பிறந்த பத்துப் பதினஞ்சு வருஷத்திலேயே வந்துடுச்சு. 1839ல் கண்டுபிடிப்பை உலகத்துக்கு அறிவிச்சாங்க. 1855ல் லண்டன் ஃபோட்டோகிராஃபிக் சொசைட்டி, படங்கள் ஏன் மங்குதுன்னு ஆராய ஒரு கமிட்டியே போட்டது. விக்டோரியா மகாராணியின் கணவர் ஆல்பர்ட் இளவரசர் அதுக்கு 50 பவுண்டு கொடுத்தார். அரண்மனை ஆல்பமும் மங்கியிருக்கும் போல. கமிட்டி கண்டுபிடிச்ச முக்கியமான குற்றவாளி ஹைப்போ. படத்தை நிலைநிறுத்தப் போடற அதே ஹைப்போ, சரியா கழுவாம காகிதத்திலேயே தங்கிட்டா, உள்ளிருந்தே கந்தகத்தைக் கக்கிப் படத்தைத் தின்னும். கூட்டாளி, ஈரம். பரிகாரமா அவங்க சொன்னதில் ஒண்ணு தங்கம். தங்க உப்புக் கரைசலில் படத்தைப் போட்டா வெள்ளித் துகள் மேல தங்கம் படியும். தங்கத்தைக் கந்தகம் ஒண்ணும் பண்ண முடியாது. ஆக அந்த டோனிங் நிறத்துக்காக இல்லை, உயிருக்காக.

இந்தப் பேச்சு லண்டனில் சூடா ஓடின அதே நேரத்தில் நம்ம ஊரில் என்ன நடந்தது தெரியுமா? 1856ல் மெட்ராஸ் ஃபோட்டோகிராஃபிக் சொசைட்டி ஆரம்பிச்சாங்க. அதே வருஷம் லின்னேயஸ் டிரைப்னு ஒரு ராணுவ கேப்டனை மெட்ராஸ் மாகாண அரசாங்கம் ஃபோட்டோகிராஃபரா நியமிச்சது. 1858ல் அவர் மதுரை, ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், புதுக்கோட்டைன்னு சுத்தி எடுத்த படங்கள் இன்னைக்கும் பார்க்கப் பார்க்க சலிக்காது. மதுரைக் கோவில், திருமலை நாயக்கர் மகால் எல்லாம் மெழுகு ஊட்டின காகித நெகட்டிவில். தஞ்சைப் பெரிய கோவில் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களா எடுத்து ஒட்டி ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். மனுஷன் பெங்களூரில் இடம் அமைச்சு உதவியாளர்களைப் பழக்கி, ஒவ்வொரு படத்துக்கும் டஜன் கணக்கில் பிரதி போட்டார். அப்புறம் கவர்னரா வந்த சார்லஸ் டிரெவெல்யன் இது அரசாங்கக் கஜானா தாங்காத ஆடம்பரம்னு கடையை மூடச் சொல்லிட்டார். ஆடிட் ஆளுங்க அன்னைக்கும் அப்படித்தான்.

டிரைப் காலத்துப் படங்களும் பழுப்புதான். ஆனா அது செபியா டோனிங் இல்லை. அந்தக் காலத்துக் காகிதத்தில் படம் டெவலப்பரில் வராது, வெயிலில் வச்சே பதிய வைப்பாங்க. அப்படி உண்டாகிற வெள்ளித் துகள் ரொம்ப ரொம்பப் பொடிசு, அதனால இயல்பாவே செம்பழுப்பு. தங்கம் ஏறினா கத்தரிப்பூ சாயலுக்குப் போகும். 19ஆம் நூற்றாண்டு முடியும்போது டெவலப் பண்ற ஜெலட்டின் காகிதங்கள் வந்தப்புறம்தான் படம் நிஜக் கறுப்பாச்சு. ஜனங்களுக்கு அந்தக் கறுப்பு பிடிக்கலை, சவக்களையா இருக்குன்னு தோணிச்சு. அப்போதான் கந்தக டோனிங் ஸ்டூடியோக்களில் பரவினது. ஆகக் கூடி பழைய ஆல்பத்தில் நாம பார்க்கிற பழுப்பு மூணு வகை: பிறவிப் பழுப்பு, மருந்துப் பழுப்பு, நோய்ப் பழுப்பு. ஃபோன் பொத்தான் மூணையும் ஒண்ணாக் குழைச்சு 'நினைவுகள்'னு பேர் வச்சிடுச்சு.

அம்மாச்சி படம் மூணாவது வகை. அதுக்குக் காரணத்தை நம்ம பேச்சு வழக்கே சொல்லிடும். ஃபிலிம் சுருளைக் கடையில் கொடுக்கும்போது நாம என்ன சொல்லுவோம்? "படம் கழுவக் கொடுத்திருக்கேன்." டெவலப்பிங், ஃபிக்ஸிங், பிரிண்டிங் எல்லாத்துக்கும் சேர்த்து தமிழில் ஒரே வார்த்தை, கழுவுறது. ஆனா பல ஸ்டூடியோவில் நிஜமா நடக்காம போனது அந்தக் கழுவல்தான். தடிமனான பழைய ஃபைபர் காகிதத்தை ஓடுற தண்ணியில் ஒரு மணி நேரம் கழுவணும். முகூர்த்த சீசனில், கோடைத் தண்ணிக் கஷ்டத்தில் யார் அவ்வளவு கழுவுவாங்க? ரெண்டு முக்கு, ஒரு உதறு, கண்ணாடியில் ஒட்டிக் காய வை. நம்ம படம் எடுத்தவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. அன்னைக்கு அம்மாச்சி வீட்டுக்கே தண்ணி ஒரு மைல் தள்ளி.

தண்ணி தாராளமா இருக்கிற மலையில் வேற சிக்கல். குளிர். டிசம்பர் காலையில் எங்க வீட்டுக் குழாயில் கையை வச்சா விரல் மரத்துப் போகும். குளிர்ந்த தண்ணியில் ஹைப்போ காகிதத்தை விட்டு லேசில் வெளியே வராது. டெவலப்பரில் இருக்கிற ஹைட்ரோகுவினோன் 13 டிகிரிக்குக் கீழே போனா வேலைநிறுத்தம் பண்ணிடும். அதனால வெந்நீர்ப் பானைக்குள்ள டிரேயை மிதக்க விட்டுத்தான் எங்க டார்க் ரூம் ஓடுது. ஹைப்போவை விரட்ட ஒரு குறுக்கு வழி, இரண்டாம் உலகப் போர் சமயத்தில் கடல்தண்ணியில் கழுவினப்போ தெரிஞ்சது: உப்புத் தண்ணி நல்ல தண்ணியைவிடச் சீக்கிரமா ஹைப்போவை வெளியேத்துது. இன்னைக்கு அதே வேலைக்கு சோடியம் சல்ஃபைட்டைக் கரைச்சு நடுவில் பத்து நிமிஷம் ஊறப் போடறோம்.

ஒழுங்கா கழுவினா வெள்ளி எத்தனை நாள் இருக்கும்னு கேட்டா, எங்க மலையிலேயே சாட்சி இருக்கு. வானிலைக்கூடம்னு உள்ளூரில் சொல்ற சூரிய ஆய்வுக்கூடம். மெட்ராஸ் அப்சர்வேட்டரி 1899ல் கொடைக்கானலுக்கு மாறினது, 1904லிருந்து சூரியனைக் கண்ணாடித் தகடுகளில் படமெடுத்தாங்க. 1909ல் ஜான் எவர்ஷெட், சூரியக் கரும்புள்ளியில் வாயு வெளிப்பக்கமா பாயறதைக் கண்டுபிடிச்சதும் இங்கேதான். நூறு வருஷத்துக்கு மேலான அந்தப் படங்களை இந்திய வானியற்பியல் நிறுவனம் இப்போ கணினியில் ஏத்தி வச்சிருக்கு, உலகம் முழுக்க ஆராய்ச்சிக்காரங்க பயன்படுத்தறாங்க. செபியாவும் கிடையாது, தங்கமும் கிடையாது. வெறும் வெள்ளி, இதே மேகத்துக்கு நடுவில்.

மலைன்னா ஊட்டியை விட்டுட முடியுமா. இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ். 1960ல் மத்திய அரசு ஆரம்பிச்சு 1967ல் உற்பத்தி தொடங்கின கம்பெனி. தூசியில்லாத குளிர்ந்த காற்று வேணும்னுதான் நீலகிரி. ஃபிலிம், எக்ஸ்ரே, பிரிண்ட் காகிதம், எல்லாத்துக்கும் 'இந்து'ன்னு பேர். எங்க வயசு ஆளுங்க கறுப்பு வெள்ளை கத்துக்கிட்டது அந்தக் காகிதத்தில்தான். 1996ல் நலிவடைஞ்ச நிறுவனம்னு முத்திரை குத்தி, 2003ல் மூடச் சொல்லி உத்தரவாகி, வழக்கில் இழுத்து, 2014ல் விருப்ப ஓய்வுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்து, கதை முடிஞ்சது. தமிழ்நாட்டு மலைக்காற்றில் பூசின காகிதத்தில் தமிழ்நாட்டுக் கல்யாணங்கள். இன்னைக்கு நான் பிரிண்ட் போடறது வெளிநாட்டுக் காகிதத்தில்.

சரி, டோனிங்குக்கு வருவோம். மொத்தம் ரெண்டு குளியல். முதல் டிரேயில் ஒரு லிட்டர் தண்ணிக்கு 10 கிராம் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு, 10 கிராம் பொட்டாசியம் புரோமைடு. (கெமிக்கல் கடையில் 'சயனைடு'ன்னு காதில் விழுந்ததும் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பேர்தான் பயங்கரம், சாதாரணமா அவ்வளவு ஆபத்தில்லை. ஆனா வீரியமான ஆசிட்டோட சேர்த்தா விஷவாயு வரும். ஆசிட் பாட்டிலை அந்த அறைக்குள்ளயே கொண்டு போகாதீங்க.) பிரிண்டை இதில் போட்டா ரெண்டு மூணு நிமிஷத்தில் படம் கண் முன்னாடி கரைஞ்சு மறையும். வெள்ளி மறுபடி சில்வர் புரோமைடா மாறுது. வெளிறின மஞ்சள் நிழல் மட்டும் நிக்கும். முதல் தடவை பார்க்கிறவங்களுக்கு வயித்தைக் கலக்கும். நல்லா கழுவிட்டு ரெண்டாவது டிரே: லிட்டருக்கு 5 கிராம் சோடியம் சல்ஃபைடு. சில நொடியில் படம் திரும்பி வரும், சாக்லேட் நிறத்தில். கூடவே அழுகின முட்டை நாத்தமும் வரும். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு, விளையாட்டில்லை. ஜன்னல் திறந்து, முடிஞ்சா வெளித் திண்ணையில் செய்யணும். டார்க் ரூமுக்குள்ள செஞ்சா உங்களுக்கும் கேடு, வெளிச்சம் படாத காகிதமும் புகைஞ்சு போகும். நாத்தம் வேண்டாம்னா தயோயூரியாவும் காஸ்டிக் சோடாவும் கலந்து செய்யலாம், கையுறை கட்டாயம்.

இந்த இடத்தில் ஒரு நண்பர் கேட்டார், இவ்வளவு சுத்தி வளைக்கிறதுக்கு அம்மாச்சியோட பழைய பிரிண்டையே இப்படி பிளீச் பண்ணி மறுபடி வரவச்சா மங்கினது அழுத்தமாகுமேன்னு. உண்மைதான், சில சமயம் ஆகும். ஆனா மங்கின பகுதியில் வெள்ளி ஏற்கனவே பாதி சல்ஃபைடு, பிளீச் அதைத் தொடாது. ஓடிப்போன வெள்ளி திரும்பி வராது. அறுபது வருஷத்துக்கும் மேல ஈரம் குடிச்ச ஜெலட்டின் தண்ணியில் பட்டதும் உரிஞ்சு வந்தா யார்கிட்ட போய் அழறது? இருக்கிறது ஒண்ணே ஒண்ணு. நான் தொடலை.

"அப்போ செலினியம்?" அடுத்த கேள்வி. வெளிநாட்டு ஃபோட்டோகிராஃபி புத்தகங்களைப் படிச்சவங்க எல்லாரும் கேட்பாங்க. ஆன்சல் ஆடம்ஸ் உபயம். நிறம் அதிகம் மாறாது, கறுப்பு ஆழமாகும், நாத்தமும் சல்ஃபைடு மாதிரி இல்லை. ஒரு காலத்தில் செலினியம்தான் சாசுவதம்னு நம்பினாங்க. ரோசெஸ்டரில் 1985ல் தொடங்கின இமேஜ் பெர்மனன்ஸ் இன்ஸ்டிட்யூட் மைக்ரோஃபிலிமை வச்சுச் சோதிச்சப்போ செலினியத்தைவிடக் கந்தகம்தான் நல்லா காப்பாத்துதுன்னு தெரிஞ்சது. அதைவிட எனக்குப் பெரிய காரணம், வட்டக்கானலில் தண்ணி எங்கே போகுதுங்கிறது.

எங்க சிங்க்கிலிருந்து போறது தோட்டத்துக் குழி. குழியிலிருந்து ஊத்து. ஊத்திலிருந்து பாம்பாறு. நீங்க லிரில் விளம்பரத்தில் பார்த்த அருவி அதுதான். அது அப்படியே மலை இறங்கி பெரியகுளம் பக்கம் கும்பக்கரையில் விழுது, ஜனங்க சோப்பு போட்டுக் குளிக்கிறாங்க. 1983ல் கலிஃபோர்னியாவில் கெஸ்டர்சன் நீர்த்தேக்கத்தில் வடிகால் தண்ணியோட சேர்ந்த செலினியத்தால் வாத்துக் குஞ்சுகள் கண்ணில்லாம, காலில்லாம பொரிஞ்சதைப் படிச்சதிலிருந்து அந்த பாட்டிலை மலையேத்த எனக்கு மனசு வரலை.

அதுவுமில்லாம இந்த ஆறு ஏற்கனவே பட்டது. பாம்பாறு சோலைக்கு மேல்தான் அந்தத் தெர்மாமீட்டர் ஃபேக்டரி. அமெரிக்காவில் ஓடினதைக் கழட்டிக் கொண்டுவந்து பாண்ட்ஸ் கம்பெனி எண்பதுகளில் வச்சது, 1987ல் இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய சாமான் கடையில் பாதரசம் படிஞ்ச கண்ணாடிக் கழிவு 7 டன்னுக்கு மேல கிடந்ததை உள்ளூர் ஜனங்களும் கிரீன்பீஸும் வெளியே கொண்டுவந்தாங்க. ஃபேக்டரி மூடினது. 2003ல் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோட 2016ல் சமரச ஒப்பந்தம். மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செஞ்சா போதும்ங்கிற சண்டை அதுக்கப்புறமும் நடந்தது.

பாதரசத்துக்கு ஃபோட்டோகிராஃபியிலும் பழைய பங்கு உண்டு. 1839ல் டாகேர் படத்தை வரவச்சதே சூடாக்கின பாதரச ஆவியில். மெலிஞ்ச நெகட்டிவை அழுத்தமாக்க மெர்க்குரிக் குளோரைடு, அதாவது வீரம், 20ஆம் நூற்றாண்டு வரை டார்க் ரூம் அலமாரியில் இருந்தது. அம்மாச்சி படம் மாதிரி மங்கினதைத் தூக்க, பழைய கையேட்டுக்காரர் யாராவது இருந்தா அதைத்தான் நீட்டியிருப்பார்.

என் குழிக்குப் போறது இவ்வளவுதான்: நல்லா நீர்த்த சல்ஃபைடு, கழுவின தண்ணி. ஃபிக்ஸரில் வெள்ளி கரைஞ்சிருக்கும், அதைக் கேனில் ஊத்தி பாத்திரம் தேய்க்கிற இரும்பு நாரைப் போட்டு வச்சா இரும்பு கரைஞ்சு வெள்ளி அடியில் சேறாத் தங்கும். அந்தக் கேன் கீழே போகும்போது காரில் கூடவே வரும். தண்ணியில் எறியறதில்லை. நான் ஒருத்தன் ஊத்தற ரெண்டு லிட்டரால் என்னன்னு வீட்டிலேயே கேட்டாங்க. 2001க்கு முன்னாடி அந்தக் கண்ணாடியைப் பத்தியும் யாரோ அப்படித்தான் நினைச்சிருப்பாங்க.

போன வாரம், ரெண்டு நாள் மேகம் விலகினப்போ, பிரிண்ட் போட்டேன். அம்மாச்சி முகத்தில் மங்கின பக்கத்துக்கு நீல ஃபில்டர் போட்டுப் படமெடுத்ததில் மஞ்சளுக்கு அடியிலிருந்து கொஞ்சம் மீண்டு வந்தது. மூக்குத்தி தெரியுது. வலது கண் தெரியலை, அது போனது போனதுதான். கம்ப்யூட்டரில் வரைஞ்சு சேர்க்கலாம்னு சொன்னாங்க. வேண்டாம்னுட்டேன்.

பெரியம்மாவைத் திண்ணையில் உட்கார வச்சு ரெண்டாவது டிரேயைக் காட்டினேன். மூக்கைப் பொத்திக்கிட்டு குனிஞ்சு பார்த்தாங்க. படம் எழும்பி வந்துச்சு.

"இது எத்தனை நாள் இருக்கும்டா?"

"ஒழுங்கா கழுவினா நம்ம ரெண்டு பேரைவிட ஜாஸ்தி நாள் இருக்கும் பெரியம்மா."

"அப்போ நல்லா கழுவு. தண்ணிதான் இங்க நிறைய இருக்கே." கொஞ்சம் கழிச்சு, "உங்கம்மாவுக்கும் ஒண்ணு போடு. கேட்கமாட்டா, ஆனா போடு."

பழைய பிரிண்ட் இப்போ சுவத்தில் இல்லை. அமிலமில்லாத காகிதத்தில் சுத்தி மரப்பெட்டி இல்லாத இடமா பார்த்து வச்சிருக்கேன். ரெண்டாவது பிரதி இந்த நிமிஷம் பின்னாடி தொட்டியில் சுத்திக்கிட்டிருக்கு, இன்னும் இருபது நிமிஷம் பாக்கி.